நின்ற கார் நடுங்குவதும் கெர்ப்பில் பறப்பதும்: கேமின் பிழையா, இயற்பியலா?

உங்கள் கேள்வியில் இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. அசெட்டோ கோர்சா என்ற கார் பந்தயச் சிமுலேட்டர் கேமில், தரவிறக்கிய ஒரு மோட் காரை (கேம் கம்பெனி அல்லாமல் ரசிகர்கள் உருவாக்கியது) பிரேக் போடாமல் நியூட்ரலில் நிறுத்தினால், நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டு மெல்ல நகர்கிறது. அதே கார் இத்தாலியின் மொன்ஸா டிராக்கில் உயரமான கெர்ப் (டிராக் ஓரத்தில் மேடாகக் கட்டிய விளிம்பு) மேல் ஏறினால் வானத்துக்கு எகிறுகிறது. "இது கேமோட பிழையா, இல்லை எனக்கு ஓட்டத் தெரியலையா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஓட்டுவது பற்றிய கேள்வியாக இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சிமுலேட்டரில் வினோதமாக ஒன்று நடந்தால், உள்ளே இருக்கும் புரோகிராமைப் பார்க்காமலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதே நீங்கள் கேட்பது. பெரும்பாலும் முடியும். பகலில் வாகன இயக்கவியல் கணக்கீடு செய்து சம்பளம் வாங்குகிறவன், ராத்திரியில் இதே சிமுலேட்டர்களை ஓட்டுகிறவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வினோதமாகத் தெரிவதெல்லாம் புரோகிராம் பிழை இல்லை. 1999இல் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தய வார இறுதியில் மெர்சிடிஸ் சிஎல்ஆர் கார் மூன்று முறை மூக்கைத் தூக்கிக்கொண்டு காற்றில் கரணம் அடித்தது. மார்க் வெப்பர் ஓட்டும்போது இரண்டு முறை, பந்தயத்தின்போது பீட்டர் டம்ப்ரெக் ஓட்டும்போது ஒரு முறை. ஒரு சிமுலேட்டரில் அதைப் பார்த்திருந்தால் நாம் எல்லோரும் சிரித்துக்கொண்டே கிளிட்ச் வீடியோ போட்டிருப்போம். 2019 செப்டம்பரில், நீங்கள் சொல்லும் அதே மொன்ஸாவில், ஃபார்முலா 3 ஓட்டுநர் அலெக்ஸ் பெரோனியின் கார் பாராபோலிகா வளைவின் வெளிப்புறம் இருந்த சாஸேஜ் கெர்ப்பில் (உருண்டையாக உயர்ந்த கெர்ப்) ஏறிப் பறந்து, தலைகீழாகச் சுழன்று தடுப்பின் மேல் விழுந்தது. அவருக்கு முதுகெலும்பில் முறிவு. ஆகவே கெர்ப்பில் கார் பறக்குமா என்றால், பறக்கும். எவ்வளவு பறக்கலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. 2022 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில்லில் நடந்த நாஸ்கார் கார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், ராஸ் சாஸ்டெயின் காரை வெளிச்சுவரில் சாய்த்து, ஆக்ஸிலரேட்டரை விடாமல் சுவரோடு தேய்த்துக்கொண்டே போய்ப் பத்தாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு வந்தார். சிறு வயதில் நாஸ்கார் 2005 வீடியோ கேமில் செய்து பார்த்தது என்று அவரே சொன்னார். கேமில் மட்டும் நடக்கும் ஏமாற்று வேலை என்று அதுவரை பலரும் நினைத்திருந்த விஷயம் அது. மறு சீசனுக்கு முன்பே நாஸ்கார் அதற்குத் தண்டனை உண்டு என்று அறிவித்துவிட்டது.

சரி, உங்கள் நடுங்கும் காருக்கு வருவோம். இதில் எனக்கு நல்ல தெளிவு இருக்கிறது, ஏனென்றால் இது கார் சிமுலேஷனில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம். டயர் எவ்வளவு விசை தரும் என்பதை "ஸ்லிப்" என்ற அளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சக்கரத்தின் விளிம்பு ஓடும் வேகத்துக்கும் கார் போகும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காரின் வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்லிப். டெல்ஃப்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹான்ஸ் பசெய்காவின் புகழ்பெற்ற டயர் விசைச் சூத்திரமான மேஜிக் ஃபார்முலாவுக்கும் உள்ளே போகும் எண் இதுதான். கார் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அருமையாக வேலை செய்யும். கார் நின்றுவிட்டால்? பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். அதற்கு முன்னால், கார் மெல்ல ஊரும்போதே தகராறு ஆரம்பித்துவிடும்.

எவ்வளவு தகராறு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண ரோடு கார் சக்கரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஆரம் 0.33 மீட்டர், சுழல் நிலைமம் (சுழற்சியை மாற்ற எவ்வளவு கஷ்டம் என்ற அளவு) சுமார் 1 கிலோகிராம் மீட்டர் வர்க்கம், டயரின் நீளவாட்டு விறைப்பு (ஸ்லிப்புக்கு ஏற்ப விசை எவ்வளவு ஏறும் என்பது) சுமார் 80,000 நியூட்டன். ஸ்லிப் கொஞ்சம் பிசகினால் டயர் அதைத் திருத்தப் பார்க்கும். அந்தத் திருத்தம் நடக்கும் வேகம் 8,700ஐக் காரின் வேகத்தால் (மீட்டர்/நொடி) வகுத்தால் வருவது. அசெட்டோ கோர்சாவின் இயற்பியல் நொடிக்கு 333 முறை கணக்கிடுகிறது, அதாவது ஒரு படி 3 மில்லிநொடி. மிக எளிய முன்னோக்கிக் கணக்கு முறையில், ஒரு படிக்குள் திருத்தம் பிசகின் இரண்டு மடங்கைத் தாண்டினால் கணக்கு அடங்காது, ஒவ்வொரு படியிலும் எதிர்ப்பக்கம் தாவித் தாவிப் பெருத்துக்கொண்டே போகும். எண்களைப் போட்டால், சுமார் 13 மீட்டர்/நொடி, அதாவது மணிக்கு 47 கிலோமீட்டருக்குக் கீழே போனாலே சக்கரம் ஆட ஆரம்பிக்க வேண்டும். நடைமுறையில் ஆடுவதில்லை, ஏனென்றால் ஒழுங்காக எழுதிய எந்தச் சிமுலேட்டரும் இதை அப்படியே விடுவதில்லை. டயர் கொஞ்ச தூரம் உருண்ட பிறகே முழு விசை வரும்படி தளர்வு நீளம் என்று ஒன்றைச் சேர்ப்பார்கள், குறைந்த வேகத்தில் வகுக்கும் எண்ணுக்கு ஒரு அடிமட்டம் வைப்பார்கள், சக்கரச் சுழற்சியை மட்டும் இன்னும் சின்னப் படிகளில் கணக்கிடுவார்கள். எல்லாம் ஒட்டு வேலைதான், ஆனால் நல்ல ஒட்டு வேலை.

இப்போது மோட் காரை யோசியுங்கள். அதன் டயர் கோப்பில் சுழல் நிலைமத்தை 1 என்று போடுவதற்குப் பதிலாக 0.1 என்று போட்டிருந்தால், மேலே சொன்ன திருத்த வேகம் பத்து மடங்காகிறது. கேமின் ஒட்டு வேலை அவ்வளவுக்குத் தாங்காது. நடுங்கும் இடம் கேமின் கணக்கீடு, நடுங்க வைத்த காரணம் காரின் தரவு. மோட் கார் விஷயத்தில் பாதிச் சண்டைகள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருகிறவை. அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனை, கேமை உருவாக்கிய குனோஸ் நிறுவனமே தந்த ஒரு காரை அதே டிராக்கில், அதே இடத்தில், அதே மாதிரி நியூட்ரலில் நிறுத்திப் பார்ப்பது. அது அசையாமல் நின்றால் உங்கள் மோட் காரின் கோப்பில் ஏதோ இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

நகர்வதை நடுக்கத்தோடு சேர்க்காதீர்கள், அது வேறு விஷயம். பிரேக் போடாமல் நியூட்ரலில் நிற்கும் கார் சரிவில் நிஜத்திலும் உருளும்; கேமில் பிரேக் போட்டாலும் ஊரலாம். ஸ்லிப்பை மட்டும் நம்பும் டயர் மாடலில், வேகம் பூஜ்யம் என்றால் விசையும் பூஜ்யம். சரிவில் நிற்கும் காரைப் பிடித்து வைக்க, கார் கொஞ்சமாவது வழுக்கியே ஆக வேண்டும். சக்கரத்தை முழுக்கப் பூட்டினாலும் ஊர்ந்து இறங்கும். இது பிழை என்பதைவிட அந்த மாடலின் பிறவிக் குணம் என்பேன். எது என்று பிரிக்க, காரை அதே இடத்தில் 180 டிகிரி திருப்பி நிறுத்துங்கள். முன்பு நகர்ந்த அதே பக்கம், அதாவது டிராக்கைப் பொறுத்து அதே திசையில் நகர்ந்தால் தரை சரிவு. கண்ணுக்குச் சமதளமாகத் தெரிந்தாலும் மழை நீர் வடிய எல்லா டிராக்கிலும் சரிவு வைத்திருப்பார்கள். திசை காரோடு சேர்ந்து திரும்பினால், காரணம் தரையில் இல்லை, காரிலேயே இருக்கிறது.

இன்னொரு நடுக்கமும் உண்டு, அது காரைப் பொறுத்ததில்லை, இடத்தைப் பொறுத்தது. பல கேம்கள் இடத்தை 32 பிட் எண்ணில் வைத்திருக்கும். அந்த எண்ணுக்கு, மையப் புள்ளியிலிருந்து 10 கிலோமீட்டர் தள்ளிப் போனால், இரண்டு அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் இடைவெளி. டயரின் செங்குத்து விறைப்பு மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் என்றால், ஒரு எண் தாவினாலே 20 கிலோ எடையை வைத்து எடுக்கிற மாதிரி. மலைப்பாதை மோட்கள் போல நீளமான வரைபடங்களில் ஒரு கோடியில் நடுங்கி மறுகோடியில் நடுங்காமல் இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். மொன்ஸா அளவுள்ள டிராக்கில் இது பிரச்சினையே இல்லை.

அடுத்து, கெர்ப். இங்கே எனக்கு உறுதியான பகுதியும் ஊகமும் கலந்திருக்கின்றன, பிரித்தே சொல்கிறேன். உறுதியானது: நிஜ டயர் தரையை ஒரு கையகல ஒட்டுப்பரப்பால் தொடுகிறது, கெர்ப்பின் விளிம்பு வந்தால் டயர் அதைக் கவ்விக்கொண்டு, வளைந்து, மெதுவாக ஏறும். எளிமையான சிமுலேட்டர் டயரோ சக்கர மையத்திலிருந்து கீழே ஒரே ஒரு கோடு விட்டுத் தரை எங்கே என்று பார்க்கிறது. 150 கிலோமீட்டர் வேகத்தில், 3 மில்லிநொடியில் கார் 12 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். கெர்ப்பின் ஏற்றம் 10 சென்டிமீட்டர் நீளம் என்றால், முந்தைய படியில் தரை கீழே இருந்தது, இந்தப் படியில் 5 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது, நடுவில் எதுவும் இல்லை. டயர் திடீரென 5 சென்டிமீட்டர் அமுங்கியதாகக் கணக்கு வரும்: 10,000 நியூட்டன், ஒரே அடியில். 40 கிலோ சக்கரத் தொகுதிக்கு அது 25ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 25 மடங்கு. அது மேலே போய் பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் அளவுக்கு மேல் அமுங்காமல் தடுக்கும் கட்டை) இடித்து, பம்ப் ஸ்டாப்பின் விறைப்பை மோட் செய்தவர் ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டிருந்தால், நீங்கள் பார்த்த ராக்கெட் கிளம்பும். ஊகம் இந்தக் கடைசி வாக்கியம் மட்டும். உங்கள் காரின் சஸ்பென்ஷன் கோப்பைத் திறந்து பார்த்தால் ஊகம் தேவைப்படாது.

கோப்பைத் திறக்க முடியாவிட்டாலும் ஒரு சோதனை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: ஆற்றல் கணக்கு. 1,200 கிலோ கார் 150 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 1,040 கிலோஜூல். காரை 2 மீட்டர் தூக்க 23.5 கிலோஜூல் போதும், வேகம் 2 கிலோமீட்டர் கூடக் குறையாது. ஆகவே 2 மீட்டர் எகிறினால் அதை வைத்து எதுவும் நிரூபிக்க முடியாது. பெரோனிக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கலாம். 20 மீட்டர் எகிறினால் கதை வேறு. அதற்கு 235 கிலோஜூல் வேண்டும், உச்சியில் காரின் வேகம் 132 கிலோமீட்டர் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். ரீப்ளேயை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். உயரமும் 20 மீட்டர், வேகமும் அதே 150 என்றால், ஆற்றல் எங்கிருந்தோ பிறந்திருக்கிறது. நிஜ உலகில் அது நடக்காது, ஆகவே கணக்கீட்டுப் பிழை. வாதமே வேண்டாம். இதைச் செய்யும்போது கெர்ப்புக்கு முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்ஜின் கொடுத்த ஆற்றலும் கணக்கில் புகுந்துவிடும்.

காற்றில் போன பிறகு கார் காகிதம் மாதிரி மிதந்தால், அது இன்னொரு கோப்பின் வேலை. காற்றியல் விசைகளை, கார் எந்தக் கோணத்தில் இருந்தால் எவ்வளவு என்று ஒரு அட்டவணையாகக் கொடுத்திருப்பார்கள். கார் சாதாரணமாக ஓடும் சில டிகிரிகளுக்கே அந்த அட்டவணையில் யாராவது அக்கறை எடுத்திருப்பார்கள். மூக்கு 40 டிகிரி தூக்கிய கார் அட்டவணைக்கு வெளியே போய்விடுகிறது. அதற்கப்புறம் நடப்பதை வைத்துச் சிமுலேட்டரின் தரத்தைத் தீர்மானிப்பது நியாயமில்லை.

எந்தச் சோதனைக்கும் முன்னால் உங்கள் கம்ப்யூட்டரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். நவீன சிமுலேட்டர்கள் படம் வரைவதையும் இயற்பியலையும் தனித்தனியாக ஓட்டுகின்றன: ஐரேசிங் நொடிக்கு 360 முறை, பீம்என்ஜி நொடிக்கு 2,000 முறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான தாளம். ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கை) 30க்குப் பூட்டி ஒரு முறை, முழுதாகத் திறந்துவிட்டு ஒரு முறை, அதே சம்பவத்தைச் செய்து பாருங்கள். விளைவு மாறினால் இரண்டும் எங்கோ பின்னிக்கிடக்கின்றன. அசெட்டோ கோர்சா திரையில் சிபியு 99 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று எச்சரிக்கை காட்டினால், அந்த நேரத்தில் பார்த்த எதையும் நம்ப வேண்டாம். ஆன்லைனில் நடந்த மோதலையும் அப்படியே ஒதுக்கிவிடலாம். எதிராளியின் கார் உங்கள் திரையில் இருக்கும் இடம் ஒரு கணிப்பு மட்டுமே. 50 மீட்டர்/நொடி வேகத்தில் 150 மில்லிநொடி தாமதம் என்றால் 7.5 மீட்டர் தூரத்தைக் கேம் கணித்து நிரப்புகிறது. கணிப்பு தப்பி இரண்டு கார்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்ததாகத் தெரிந்தால், கேம் அவற்றைப் பலமாகப் பிரித்துத் தள்ளும். தொடாமலே இடித்துப் பறந்தேன் என்கிற புகார் எல்லாம் இதுதான்.

வினோதம் எதுவும் இல்லாதபோதும் ஒரு காரை நம்பலாமா என்று பார்க்க நான் செய்யும் சில எளிய அளவீடுகள் உண்டு. கேமின் டெவலப்பர் ஆப் அல்லது டெலிமெட்ரி (ஓடும்போது கேம் தரும் அளவுகள்) வழியாக நான்கு சக்கரங்களின் சுமையைக் கூட்டினால், நிற்கும் காரில் அது எடைக்குச் சமமாக வர வேண்டும்: பெட்ரோலோடு 1,200 கிலோ என்றால் 11,770 நியூட்டன். 100 கிலோமீட்டரிலிருந்து முழு பிரேக் போட்டு நிற்கும் தூரம், உராய்வுக் கெழு 1 என்றால் 39 மீட்டர். சாதாரண டயர் போட்ட ரோடு கார் 25 மீட்டரில் நின்றால் அந்தக் கெழு 1.5ஐத் தாண்டுகிறது, யாரோ பசை தடவியிருக்கிறார்கள். தவறு காரிலா டிராக்கிலா என்று பார்க்க இன்னொரு டிராக்கிலும் நிறுத்திப் பாருங்கள், டிராக் மோட் செய்கிறவர்களும் தரையின் பிடிமானத்தை ஏற்றி வைப்பதுண்டு. 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் மெதுவாக வேகம் ஏற்றிக்கொண்டே போய், கார் வெளியே வழுக்க ஆரம்பிக்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் என்றால் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 1ஜி, நல்ல ரோடு டயருக்கு நம்பக்கூடிய எண். கார் கம்பெனிகளில் ஐஎஸ்ஓ 4138 என்ற தரப்படி செய்யும் நிலையான வட்டச் சோதனையின் எளிய வடிவம் இது.

நீங்கள் கேட்காத, ஆனால் இதோடு ஒட்டிய ஒன்று: செட்டப் ஏமாற்று, அதாவது காரில் நாம் மாற்றி வைக்கும் அளவுகளை வைத்து ஏமாற்றுவது. டயர் காற்றழுத்தத்தைக் கீழ் எல்லைக்கு இறக்கினால் வேகம் கூடுகிறது, காரின் உயரத்தை அடிமட்டத்துக்கு இறக்கினால் இன்னும் கூடுகிறது என்று அவ்வப்போது ஒரு ரகசியம் சுற்றும். நிஜக் காரில் இப்படிச் செய்யும் எந்த மாற்றத்துக்கும் விலை உண்டு. காற்றைக் குறைத்தால் டயரின் பக்கச்சுவர் நெளியும், சூடு ஏறும். காரைத் தாழ்த்தினால் ஒரு கட்டத்தில் தரைத்தட்டு உரசும். அதனால் சிறந்த மதிப்பு பெரும்பாலும் எல்லைகளுக்கு நடுவில் எங்காவது இருக்கும். ஒரே ஒரு அளவை மட்டும் படிப்படியாக மாற்றி, அதே பெட்ரோல், அதே டயர் சூட்டோடு ஓட்டிப் பாருங்கள். எப்போதும் ஸ்லைடரின் ஓரமே ஜெயித்தால், அந்த விலையை மாடலில் எழுத மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பத்தில் ஒரு நொடி வித்தியாசத்தை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள், நம் கைகளின் தடுமாற்றமே அதைவிட அதிகம்.

இந்த முறைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. வெளியிலிருந்து சோதித்து, பிழை மாடலிலா தரவிலா கணக்கீட்டிலா என்று பிரிக்கலாம். எந்த வரியில் என்று சொல்ல முடியாது. "நிஜக் கார் இப்படி இல்லை" என்ற புகாரையும் இதை வைத்து நிரூபிப்பது கஷ்டம். பந்தய டயரின் அளவீடுகளை டயர் கம்பெனிகள் வெளியே விடுவதில்லை, ஒப்பிட நம்மிடம் ஒன்றுமில்லை. இயற்பியலின் அடிப்படை விதியை மீறுகிறதா என்பதை மட்டுமே உறுதியாகப் பேசலாம். டயர் உணர்வு சரியா என்பது அனுபவமுள்ள ஓட்டுநர்களே அடித்துக்கொள்ளும் விஷயம், அதில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

உங்கள் விஷயத்தில் நான் எதிர்பார்ப்பது, இரண்டும் மோட் காரின் தரவிலிருந்து வருகிறது என்பது. குனோஸ் காரை வைத்துச் செய்து பார்த்துவிட்டு, அதில் இரண்டும் இல்லையென்றால் மோட் செய்தவருக்கே எழுதுங்கள். கேமின் பதிப்பு எண், டிராக், செட்டப் கோப்பு, ஃப்ரேம் ரேட், எத்தனை முறை செய்தால் எத்தனை முறை நடக்கிறது, அப்புறம் ரீப்ளே, இவ்வளவும் இருக்கட்டும். டயரின் சுழல் நிலைமத்தையும் பம்ப் ஸ்டாப் விறைப்பையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குனோஸ் காரிலும் வந்தால் ஆற்றல் கணக்கோடு இங்கேயே பதிவிடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.